ஊர் எல்லையில் நிற்கும் புரவிகள்: சுடுமண் பெருஞ்சிற்பமும் அதன் குறியீடும்

முன்னுரை

தமிழர் சிற்பக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கல்லோடும் செம்போடும் நின்றுவிடுகின்றனர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் பெற்ற ஆய்வுக் கவனத்தில் ஒரு சிறு பகுதியைக்கூடச் சுடுமண் சிற்பங்கள் பெற்றதில்லை. அவை ‘நாட்டார் கைவினை’ என்னும் தலைப்பின்கீழ் ஓரிரு பத்திகளில் அடங்கிவிடும். ஆயினும், அளவால் நோக்கினும் எண்ணிக்கையால் நோக்கினும், திறந்தவெளியில் தமிழர் படைத்த பெருஞ்சிற்பங்களுள் ஐயனார் கோயில்களில் நேர்ந்துவிடப்படும் மண்புரவிகளுக்குத் தனியிடம் உண்டு. மனித உயரத்தை விஞ்சி நிற்கும் இப்புரவிகள் சில ஊர்களில் 15 அடியையும் எட்டும். உலகில் சுடுமண்ணால் செய்யப்பட்ட மிகப் பெரிய சிற்பங்களுள் இவையும் எண்ணத்தக்கவை.

இப்புரவிகளின் பொருள் குறித்து இரண்டு விளக்கங்கள் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றன. ஒன்று, ஐயனார் இரவில் ஊரைச் சுற்றிக் காவல் செய்வதற்கான ஊர்தி இது என்பது. மற்றொன்று, மண்ணிலிருந்து பிறந்து மண்ணுக்கே திரும்பும் வாழ்வின் சுழற்சியை இது காட்டுகிறது என்பது. முன்னது உண்மையாயினும் போதாது. பின்னது அழகாயினும் பிழையுடையது. இவ்விரு விளக்கங்களையும் மறு ஆய்வுக்கு உட்படுத்தி, புரவியின் குறியீட்டை அதன் பொருண்மையிலிருந்தும் செய்முறையிலிருந்தும் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இடமும் தெய்வமும்

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் இவ்வழிபாடு செறிந்து காணப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரத்தை அடுத்த ஐயனார் கோயிலில், வழியின் இருமருங்கும் புரவிகள் நெடுவரிசையாக நிற்பதைக் காணலாம். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் சேவுகப்பெருமாள் ஐயனாருக்கு எடுக்கப்படும் புரவி எடுப்புத் திருவிழா பெரிதும் அறியப்பட்டது. இக்கோயில்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ அதனை ஒட்டிய கோயில்காட்டிலோ அமைந்திருக்கும். அக்காட்டில் மரம் வெட்டுவது கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஆதலால் சிற்பத்தைச் சூழ்ந்து நிற்கும் மரங்களும் அதன் அமைப்பில் ஒரு கூறாகவே ஆகிவிடுகின்றன.

ஐயனாரைப் பற்றிய ஆய்வுகளுள் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1959இல் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. பலியேற்காத தலைவராக ஐயனாரும், பலியேற்கும் ஏவலராகக் கருப்பரும் எதிரெதிரே வைத்து எண்ணப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். ஐயனார் நிலத்திற்கும் நீருக்கும் உரிய தலைவர். கண்மாய் உடையாமல் காப்பதும், களவும் கொள்ளைநோயும் எல்லைக்குள் நுழையாமல் தடுப்பதும் அவர் பணி. இத்தகைய தலைவருக்குப் புரவி ஊர்தியாதல் இயல்பே.

எனினும், ஏன் புரவி என்னும் வினா அத்துடன் முடிந்துவிடுவதில்லை. குதிரை தமிழ் நிலத்திற்கு உரிய விலங்கன்று. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியன் தந்த பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். பாண்டி நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குவதாகவும், பராமரிக்கும் முறை அறியாமையால் ஆண்டு முடிவிற்குள் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சுவதாகவும் எழுதியுள்ளார். குதிரை என்பது அரசனின் செல்வம்; கடல் கடந்து வந்த செல்வம்; நெடுநாள் நில்லாத செல்வமுமாம்.

உழவனுக்கு அது எட்டாப் பொருள். அவனிடம் காளை இருந்தது; குதிரை இருந்ததில்லை. தன்னால் ஒருபோதும் உடைமையாக்கிக்கொள்ள இயலாத ஒன்றை அவன் தன் கண்மாயின் மண்ணால் செய்வித்துத் தெய்வத்திற்குக் கொடுக்கிறான். கருவூலப் பொருள் கொடுத்து அரசன் வாங்கிய புரவியை ஊரார் ஒரு பிடி மண் கொடுத்துப் பெறுகின்றனர். ‘ஐயனாரின் ஊர்தி’ என்னும் விளக்கம் கண்டுகொள்ளாமல் விடுவது இச்சமூகப் பொருளையே.

செய்முறையில் பிறக்கும் பொருள்

புரவி எடுப்பின் தொடக்கம் பிடிமண் கொடுத்தல் ஆகும். கோயில் சார்பில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் முறைப்படி அளிப்பர். வேளார் அதனைத் தாம் பிசையும் களிமண்ணோடு சேர்த்துக்கொள்வார். அளவால் அது மிகச் சிறிது. ஆயினும் அந்த ஒரு பிடி கலவாமல் செய்யப்படும் உருவம் வெறும் பொம்மையே; அது தெய்வத்திற்கு உரிய புரவியாகாது. கற்சிற்பத்தில் பொருள் வேறு, அதனைச் செதுக்குவிப்போர் வேறு. இங்கோ, செய்விப்போரின் நிலமே சிற்பத்தின் உடலாகிறது.

மண்புரவி செய்தலில் தொழில்நுட்பமும் நுண்ணியது. களிமண்ணோடு மணலும் நெல் உமியும் சேர்க்கப்படும். தூய களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும்; மணல் அச்சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகள் வழியே நீராவி வெளியேறுவதால் உருவம் பிளவுபடாமல் தப்புகிறது. முதலில் நான்கு கால்களும் உள்ளீடற்ற உருளைகளாக எழுப்பப்படும். கால்கள் மேலெழும் பாரத்தைத் தாங்கும் அளவு இறுகிய பின்னரே வயிறும், அதன்பின் கழுத்தும் தலையும் அமையும். ஒரே நாளில் மேலும் மேலும் ஏற்றினால் ஈரமண் தன் பாரத்தாலேயே சரியும். ஆகவே புரவியின் உயரத்தை முடிவு செய்வதில் வேளாரின் திறமைக்குள்ள அளவு பங்கு வெயிலுக்கும் பொறுமைக்கும் உண்டு. வைக்கோல், வறட்டி, விறகு ஆகியவற்றைக் கொண்டு சுடப்பட்ட பின் சுண்ணமும் வண்ணமும் பூசப்படும்.

மண், நீர், வெயில், காற்று, நெருப்பு ஆகிய யாவும் இதில் பங்கேற்கின்றன. உமியும் வைக்கோலும் அறுவடையின் எச்சங்கள். வறட்டி உழவு மாட்டின் எச்சம். ஊரின் வேளாண்மை முழுவதும் இச்சிற்பத்தில் ஏதேனும் ஒரு வகையில் கலந்திருக்கிறது. கண்மாய் மண்ணால் ஆன உருவம் கண்மாய்க் கரையிலேயே காவல் நிற்கிறது. காக்கப்படும் பொருளும் காக்கும் பொருளும் ஒன்றே என்பது இச்சிற்பத்தின் முதன்மைக் குறியீடு எனலாம்.

வேளாரின் நிலையும் இங்குக் கருதத்தக்கது. மதுரைப் பகுதி வேளார் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் 1980இல் வெளியிட்ட நூல், அவர்கள் மட்கலம் வனைவோராக மட்டுமன்றிப் பூசாரியராகவும் விளங்குவதை விரிவாகக் காட்டுகிறது. புரவிக்குக் கண் திறக்கும் சடங்கு அதன் வாழ்வில் திருப்புமுனையாகும். அதுவரை அது மட்பாண்டத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன்பின் தெய்வத்தின் உடைமை. தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டு செல்லப்படும் புரவி, கோயில் முன் வரிசையில் நிறுத்தப்பட்டதும் மனிதரின் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது. அதன்பின் அதனைப் பழுதுபார்ப்பதோ புதுப்பிப்பதோ வழக்கமில்லை.

‘மண்ணுக்கே திரும்புதல்’ என்னும் விளக்கம்

பழுதுபார்க்காமல் விடும் இவ்வழக்கமே இரண்டாவது விளக்கத்திற்கு அடிப்படை. மழையிலும் வெயிலிலும் புரவியின் காது உடைகிறது, வால் விழுகிறது, கால் முறிந்து உடல் சாய்கிறது. இறுதியில் அது மண்ணோடு மண்ணாகிறது என்பர். கேட்பதற்கு இனிய இக்கூற்று சுடுமண்ணின் இயல்புக்கு ஒவ்வாதது.

உலர்ந்த களிமண்ணை நீரில் இட்டால் அது கரைந்து மீண்டும் களிமண்ணாகும். சுட்ட மண் அவ்வாறு ஆவதில்லை. சூளையின் வெப்பத்தில் களிமண்ணின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. அதன்பின் அது நீரில் குழைவதில்லை. உடைந்தால் ஓடாகும், ஓடு மேலும் சிறு ஓடாகும். ஓடு மீண்டும் வனையத்தக்க மண்ணாக மாறாது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளும், 2015 முதல் கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்டுவரும் பானை ஓடுகளும் இதற்குச் சான்று. மன்னர்களின் அரண்மனைகள் மறைந்த பின்னும், எளிய மக்களின் பானை ஓடுகள் எஞ்சி நின்று பழந்தமிழர் வரலாற்றைச் சொல்கின்றன.

எனவே புரவியில் அழிவது வடிவமே, பொருள் அழிவதில்லை. அப்பொருளும் தான் வந்த இடத்திற்குத் திரும்புவதில்லை. நெருப்பைக் கண்ட மண்ணுக்குத் திரும்பும் வழி இல்லை. நேர்த்திக்கடனின் தன்மையோடு இது பொருந்துவதை நோக்குக. தெய்வத்திற்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது; கண் திறந்த புரவியைத் திரும்பவும் மட்பாண்டமாக்க இயலாது. வீழ்ந்த ஓடுகளை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதுமில்லை. கொடையின் மீளாத் தன்மையே சுடுமண்ணின் மீளாத் தன்மையில் வடிவம் பெறுகிறது. சுழற்சி என்னும் சொல்லைக் காட்டிலும் கொடை என்னும் சொல்லே இதற்குப் பொருத்தமானது.

வேட்கோவரிடம் தாழி வனையச் சொல்லும் புறநானூற்றுப் பாடல்களையும் இவ்விடத்து நினைவுகூரலாம். கிள்ளிவளவன் மறைந்தபோது, அத்துணைப் பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழியை எவ்வாறு வனைவாய் எனக் குயவனை நோக்கி வினவுகிறார் ஐயூர் முடவனார் (புறம். 228). மண்ணால் பெரிது செய்தல் இயலுமா என்பதே அவ்வினாவின் உட்கிடை. பெருமையை அளக்கும் கருவியாக மட்கலம் அங்கு நிற்கிறது. புரவி செய்யும் வேளாரும் தம் காலத்தில், தம் ஊரளவில், அதே வினாவை எதிர்கொள்கின்றார் எனக் கொள்ளலாம்.

வரிசையே சிற்பம்

ஒரு புரவியைத் தனியே நோக்கினால் அது ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன். குழந்தைப் பேற்றுக்கோ நோய் நீக்கத்திற்கோ வேண்டிக்கொண்டு எடுக்கப்பட்டது. ஆனால் கோயிலுக்கு வருவோர் ஒரு புரவியைக் காண்பதில்லை, வரிசையைக் காண்கின்றனர். முன்னே வண்ணம் மங்காத புதிய புரவி. அடுத்து நிறம் வெளுத்தது. அதற்கப்பால் தலை இழந்தது. அதனினும் அப்பால் வேர்களுக்கிடையே கால்கள் மட்டும். இறுதியில் ஓட்டுக் குவியல். ஊரின் காலம் இவ்வாறு இடமாக விரிந்து கிடக்கிறது. பெயர் பொறித்த கல்வெட்டு இல்லை. ஆயினும் இத்தனை தலைமுறையினர் இங்கு வாழ்ந்து, அஞ்சி, வேண்டி, நன்றி செலுத்தினர் என்பதை அவ்வரிசை அறிவிக்கிறது.

ஆதலால் இச்சிற்பத்தின் பெருமையைத் தனிப்புரவியின் அடிக்கணக்கில் அளப்பது பொருந்தாது. ஒருவர் தொடங்கி மற்றொருவர் தொடர்ந்து, எவரும் முடித்துவைக்காத ஒரே சிற்பமாக அவ்வரிசையைக் காண வேண்டும். அதற்கு முழுமை என்பது கிடையாது. நின்றுபோதல் மட்டுமே உண்டு. எவ்வாண்டில் புதிய புரவி வாராது போகிறதோ, அவ்வாண்டு முதல் வரிசை சிதைவாகிறது. அதுவரை உடைந்த புரவியும் அவ்வரிசையின் உயிருள்ள உறுப்பே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கல் வாங்கப் பொருளின்றி மண்ணால் செய்தனர்; அவ்வறுமையைத் தத்துவமாக்குவது முறையா என வினவலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாயும் கற்குதிரைகள் அரச செல்வத்தின் விளைவு. சிற்றூரார்க்கு அது கைகூடாது. ஆயினும் பொருள் வசதி ஏற்பட்ட பின்னும் ஊர்கள் பல மண்புரவியையே எடுத்து வந்துள்ளன. பிடிமண், கண் திறப்பு, சுமந்து செல்லுதல் ஆகிய சடங்குகள் யாவும் மண்ணைச் சூழ்ந்தே வளர்ந்துள்ளன. வறுமை தொடக்கத்தை விளக்கலாம், தொடர்ச்சியை விளக்காது.

அருங்காட்சியகமும் சிமெண்டும்

ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1968இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் அமைத்த கண்காட்சி இந்தியச் சிற்றூர்களின் சடங்குக் கலையை மேலைநாட்டார் அறியச் செய்தது. பின்னர்ப் புதுதில்லி கைவினை அருங்காட்சியகத்திலும், சென்னைக்கு அருகில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவிலும் ஐயனார் புரவிகள் இடம்பெற்றன. கைவினைஞர்க்கு மதிப்பும் வருவாயும் கிடைக்க இவை உதவின என்பதில் ஐயமில்லை. எனினும் அங்குள்ள புரவி உடையாமல் பேணப்படுகிறது. வரிசையிலிருந்து பிரிந்து தனித்து நிற்கிறது. வடிவத்தைக் காப்பாற்றும் முயற்சியில் பொருள் கைநழுவுகிறது. மாணவர்க்கு அதனைக் காட்டும் ஆசிரியர் இவ்வேறுபாட்டையும் உடன் விளக்குதல் வேண்டும்.

இதனினும் பெரிய மாற்றம் ஊர்களிலேயே நிகழ்ந்து வருகிறது. மண்புரவிக்கு மாறாகச் சிமெண்டுப் புரவி நிறுவும் வழக்கம் பெருகியுள்ளது. சுதையாலும் கட்டுமானத்தாலும் குதிரை அமைப்பது முற்றிலும் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலின் குதிரைச் சிலை 33 அடி உயரமுடையது. மாசிமகத்தன்று அடியார்கள் அதன் கழுத்தளவு உயரத்திற்குக் காகிதப்பூ மாலைகளைச் சாத்துகின்றனர். சிலை நிலையானது, மாலை ஆண்டுதோறும் மாறுவது. புதுப்பிக்கும் கடமை அங்கு மண்ணிலிருந்து மாலைக்கு இடம் மாறியுள்ளது எனலாம்.

ஆனால் எல்லா ஊரிலும் அத்தகைய மாற்று உருவாவதில்லை. ஒருமுறை சிமெண்டால் அமைத்துவிட்டால் மறுமுறை செய்யத் தேவையில்லை என்பதே பலருக்கு அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. இதற்காக ஊராரைக் குறைகூறுவதற்கில்லை. நெகிழிக் குடமும் எவர்சில்வர்ப் பாத்திரமும் வந்தபின் வேளாரின் அன்றாடத் தொழில் சுருங்கியது. நாள்தோறும் பானை வனையாத கைக்குப் பெரும்புரவி எழுப்பும் பயிற்சி எளிதில் வாய்ப்பதில்லை. கண்மாய் மண் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. இழப்பு அழகியல் சார்ந்தது மட்டுமன்று; கண்மாய்க்கும் வேளாருக்கும் ஊருக்கும் இடையே பிடிமண் நிலைநிறுத்திய உறவே அறுபடுகிறது.

மலேசியச் சூழல்

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா அயலானதன்று. தோட்டத் தொழிலாளராக வந்தோர் தம் ஊர்த் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். முனீஸ்வரரும் காளியம்மனும் மாரியம்மனும் ரப்பர் மரங்களுக்கிடையே கோயில் கொண்டனர். காவல் தெய்வத்தின் குதிரையும் வந்தது. ஆனால் இங்குக் காணும் குதிரைகள் பெரும்பாலும் சிமெண்டால் ஆனவை. வடிவம் கடல் கடந்தது. பிடிமண் உறவு கடக்கவில்லை.

அதற்குக் காரணம் வேளார் மரபு இங்கு வேரூன்றாமை மட்டுமன்று. பிடிமண் கொடுப்பதற்கு நிலத்தின்மீது உரிமை வேண்டும். தோட்ட நிலம் கோயில் கட்டியவர்க்கு உரியதாக இருந்ததில்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்பிற்கும் பிறவற்றிற்கும் பயன்படுத்தப்பட்டபோது கோயில்கள் பல இடம்பெயர நேர்ந்தது. காலடி மண்ணே உறுதியற்ற நிலையில், உறுதியான வடிவத்தை நாடுவது மனித இயல்பு. தஞ்சை உழவன் தன் புரவி உடைவதைப் பார்த்துக்கொண்டிருக்க இயன்றதற்குக் காரணம், மறு ஆண்டும் அதே கரையில் தான் இருப்பான் என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கை இல்லாதவரிடம் அழிவை ஏற்கும் கலையை எதிர்பார்ப்பது பொருந்தாது.

2006ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலையை இப்பின்னணியில் நோக்குவது பயன்தரும். 42.7 மீட்டர் உயரமுடைய அச்சிலை சிமெண்டாலும் எஃகுக் கம்பிகளாலும் எழுந்து, பொன்வண்ணம் பூண்டு நிற்கிறது. நாங்கள் இங்கு நிலைத்துள்ளோம் என அறிவிப்பது அதன் குறியீடு. நாங்கள் மீண்டும் வருவோம் என உறுதி கூறுவது மண்புரவியின் குறியீடு. ஒன்று நிலைபேற்றால் பெரிது. மற்றொன்று தொடர்ச்சியால் பெரிது. இரண்டும் பெருஞ்சிற்பமே, ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளப்பதே தவறு.

முடிவுரை

மண்புரவியை ஊர்தியாக மட்டும் காண்பது அதன் சமூகப் பொருளை மறைக்கிறது. மண்ணுக்குத் திரும்பும் பொருளாகக் காண்பது சுடுமண்ணின் இயல்பை மறுக்கிறது. அரசர்க்கே உரியதாயிருந்த ஒன்றை ஊரார் தம் நிலத்தால் செய்து, மீட்க இயலாக் கொடையாகத் தந்து, தலைமுறைதோறும் நீட்டிவந்த வரிசையே இச்சிற்பம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனைக் கைவினை என ஒதுக்குவதும், தனிப்பொருளாகக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவதும் ஒரே குறையின் இரு பக்கங்கள்.

வகுப்பறையில் தமிழர் கலையைக் கற்பிப்போர் தஞ்சைப் பெரிய கோயிலோடு இப்புரவி வரிசையையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். ஆயிரம் ஆண்டு நிற்பதற்காகக் கட்டிய சமுதாயமே, சில ஆண்டுகளில் உடையும் என அறிந்தும் பெரிதாகச் செய்தது. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்த மாணவரே தமிழர் கலைச்சிந்தனையின் முழுப் பரப்பையும் அறிந்தவராவர். புரவிகளைக் காப்பது எவ்வாறு என வினவுவோர்க்கும் இதுவே விடை: உடைந்த புரவியை ஒட்டவைப்பதனால் அன்று, அடுத்த புரவிக்குப் பிடிமண் கொடுக்க நிலமும், அதனைப் பெற்றுக்கொள்ள வேளார் கையும் இருக்கச் செய்வதனாலேயே அவ்வரிசை வாழும்.